ஹைபிரிட் வந்தால் பீன்யாவுக்கு வேலை இருக்கு

மின்சார வண்டி வந்தால் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை படுத்துவிடும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். எங்கள் மாமா பட்டறையில் கடைசல் பிடிப்பதெல்லாம் இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான். முழு மின்வண்டியில் பிஸ்டனும் கிடையாது, கிளட்சும் கிடையாது. அப்புறம் ஆர்டர் எங்கிருந்து வரும்?

ஹைபிரிட் கதை வேறு. இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு. பிளக்-இன் ரகமென்றால் பேட்டரி இன்னும் பெரிது, வீட்டிலேயே சார்ஜ் போடலாம். பெங்களூர் பக்கத்தில் நம்ம பிடதி டொயோட்டா ஆலையில்தான் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் கார் தயாராகிறது. மோட்டார் தண்டு கடைய முடியுமா என்று மாமாவைக் கேட்டேன். "லேத் அதேதான் மாப்ள. ஆனா நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், மைக்ரான் பிசகினாலும் உதறும்" என்றார். கை பழகிய வேலை, கணக்குதான் கறார்.

இப்படி மாறுவதற்கு அரசு கைகொடுத்த உதாரணமும் உண்டு. 2009-ல் அமெரிக்க அரசு பேட்டரி, மின்வண்டி பாக ஆலைகளுக்கு 240 கோடி டாலர் மானியம் அறிவித்தது. மாநிலங்களில் அதிகப் பங்கு பெற்றது பழைய கார் பூமியான மிச்சிகன். இங்கே மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 40. இவ்வளவு இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, ஒரு உதவி. ஹைபிரிட், மின்வண்டிகளில் இருக்கும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த கேபிளைத் தொட்டு வேலை செய்ய, ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு பெங்களூரில் எங்கே நல்ல பயிற்சி தருகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டறையில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்.