அட்டவணைக்காரனின் அக்டோபர்

(சந்திரயான்-2 ஒரு நாசா கலத்துக்கு வழிவிட்டு விலகிய விஷயத்தை இஸ்ரோவே நவம்பரில் வெளியிட்டுவிட்டதால், அதன் கருவிகளுக்கு நேரம் ஒதுக்கும் நான் அப்போது எழுதி வைத்ததை இப்போது போடுகிறேன்.)

11 அக்டோபர் 2021, திங்கள்

நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2 ஆர்பிட்டருக்கு அடுத்த வாரக் கோரிக்கைகள் வந்துவிட்டன. அகமதாபாத்காரர்களுக்கு கேமரா நேரம் வேண்டும், திருவனந்தபுரத்துக்கு நிலவின் மெல்லிய வளியை ஆராயும் சேஸ்-2 கருவி ஓட வேண்டும், இங்கே பெங்களூரில் இருக்கும் கிளாஸ் கருவியின் குழுவுக்கு வழக்கம்போல எல்லாமே வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சூரியனின் எக்ஸ் கதிர் பட்டு நிலவின் மண் திருப்பி உமிழ்வதைத்தான் கிளாஸ் அளக்கிறது, சூரியன் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே வெயில் பக்கத்தின் மேல் கண்ணை எடுக்காமல் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தகராறு அகமதாபாத்காரர்களின் ஓஎச்ஆர்சி கேமராவால்தான். 100 கி.மீ. உயரத்திலிருந்து கால் மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கும், ஆனால் படத்தின் அகலம் வெறும் 3 கி.மீ. ஆர்பிட்டர் ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய 2 மணி நேரம், அதற்குள் நிலவின் நடுக்கோட்டில் தரை 33 கி.மீ. நகர்ந்துவிடுகிறது. கேட்ட பள்ளம் நேர் கீழே வந்து நிற்பது அபூர்வம், கலத்தையே சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். சாய்த்தால், நேர் கீழே பார்க்க வேண்டிய மற்றவர்களுக்கு அந்த நேரம் போச்சு.

இது விடியல்-அந்தி சீசன் வேறு. பகலும் இரவும் சேரும் கோட்டை ஒட்டியே பாதை போகிறது, கீழே எங்கு பார்த்தாலும் சாய்வெயில். சூரியனின் எக்ஸ் கதிரை அளக்க சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் எக்ஸ்எஸ்எம் கருவிக்கு மட்டும் கொண்டாட்டம்.

13 அக்டோபர், புதன்

வரும் 20ஆம் தேதி காலை 11.15 மணிக்கு, வட துருவத்துக்குப் பக்கத்தில், நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலமும் நம் ஆர்பிட்டரும் நெருங்கப்போகின்றன. உயர வித்தியாசம் 100 மீட்டருக்கும் குறைவு, மொத்த இடைவெளி சுமார் 3 கி.மீ. நம் கணக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகக் கணக்கும் ஒன்றையே சொல்கின்றன.

3 கி.மீ. தாராளம் என்று தோன்றும். நொடிக்கு 1.6 கி.மீ. போகிற கலத்துக்கு அது இரண்டு நொடிகூட இல்லை. இரண்டுமே துருவப் பாதைக்காரர்கள், ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவங்களுக்கும் மேலே வந்துதான் ஆக வேண்டும். நிலவில் கூட்டமே இல்லை, ஆனால் இருக்கிற சிலரும் ஒரே முச்சந்தியில் சந்திக்கிறார்கள்.

16 அக்டோபர், சனி

நாம் விலகுவது என்று இரு தரப்பும் பேசி முடிவாகிவிட்டது. திங்கள் இரவு எஞ்சின் இயக்கம்.

ஆயுத பூஜைக்கு மானிட்டரில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து கீபோர்டின் இடுக்கெல்லாம் போயிருக்கிறது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே ப்ளானை இரண்டாகப் போடுகிறோம், திங்கள் இரவுக்கு முன், அதற்குப் பின்.

வெளியே இருப்பவர்களுக்கு மோதல் தவிர்ப்பு என்பது கொஞ்சம் தள்ளிப் போவது, அவ்வளவுதான். எங்களுக்கு அதன் பிறகுதான் வேலையே. சும்மா ஒரு கணக்குக்கு, ஒரு சுற்றின் நேரம் பத்தில் ஒரு நொடி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 சுற்று, ஒரு வாரத்தில் 8 நொடிக்கு மேல். கீழே தரை நொடிக்கு ஒன்றரை கி.மீ. ஓடுகிறது, ஆக பழைய நேரத்துக்கே கேமராவைத் திறந்தால் 12 கி.மீ. தள்ளி வேறு எதையோ எடுத்துக்கொண்டிருப்போம். பக்கவாட்டில் கவலையில்லை, நிலவு அவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது. நேரம்தான் எல்லாம்.

18 அக்டோபர், திங்கள்

இரவு 8.22க்கு நடந்தது. அதை ஒட்டிய சுற்றுகளில் நாங்கள் எதுவும் கேட்டு வைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவே நல்ல செய்தி.

19 அக்டோபர், செவ்வாய்

புதுப் பாதையின் கணக்குக்காகக் காத்திருக்கிறோம். நாளை பௌர்ணமி. இந்தச் சீசனில் பௌர்ணமி வந்தால் பாதை முழு வட்டமாக நம் பக்கம் முகம் காட்டும், ஆர்பிட்டர் நிலவுக்குப் பின்னால் மறைவதே அரிது, சிக்னலுக்கு அருமை. ஆனால் பாதையைக் கணிப்பவர்களுக்கு எரிச்சல், ஏனென்றால் கலம் நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும் குறைந்துவிட்டால் சிக்னலின் அலைவரிசையில் வரும் டாப்ளர் மாற்றமும் குறைவு, கணக்குக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள பியாலாலு ஆன்டெனா நாள் முழுக்கப் பார்த்தாலும் இந்த வடிவியலை மாற்ற முடியாது. அதனால்தான் நேரத்தை நம்பிக் குறிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். கேமராப் பதிவுகளுக்கு முன்னும் பின்னும் சில நொடிகள் கூட்டி வைத்தாயிற்று. தரவு பெருகும், பரவாயில்லை.

20 அக்டோபர், புதன்

11.15 வந்தது, போனது. சமீப காலத்தில் எல்ஆர்ஓவோடு இனி இவ்வளவு நெருக்கம் இல்லை என்று புதுக் கணக்கு சொல்கிறது. மதியம் முழுக்க கமாண்ட் நேரங்களை மாற்றியமைத்தோம்.

29 அக்டோபர், வெள்ளி

நேற்று இரவு 9 மணி சுமாருக்கு சூரியனில் எக்ஸ்1 வெடிப்பு, மிகப் பலமான வகை. யார் அட்டவணையிலும் இல்லாத விருந்தாளி. கிளாஸ் குழுவிலிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி, அந்த நேரத்தில் கலம் நேர் கீழே பார்த்ததா, சாய்ந்திருந்ததா என்பதுதான். நேராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டோரச் சாய்வெயிலில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்தச் சூட்டோடு, அடுத்த வாரம் ஓஎச்ஆர்சிக்கு ஒதுக்கிய சாய்வுகளில் ஒன்றை விட்டுத் தரச் சொல்கிறார்கள். அகமதாபாத் லேசில் சம்மதிக்காது. வியாழன் தீபாவளி, பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், செவ்வாய்க்குள் இரண்டு குழுவையும் ஒரே போன் அழைப்பில் உட்கார வைத்தாக வேண்டும்.