பித்தான் போட பத்து நிமிடம்

அம்மாவுக்கு 81 வயது. நெடுநாள் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், போதாக்குறைக்கு இதயமும் பலவீனம். பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குத் தானே போய்வருவார். எட்டே மாதத்தில் சக்கர நாற்காலி, டயப்பர், ஊட்டிவிடும் சாப்பாடு என்றாகிவிட்டது.

யாரும் கவனிக்காமல் விடவில்லை. ரொம்பவே கவனித்தார்கள், சிக்கலே அதுதான். சட்டைப் பித்தான் போட அம்மாவுக்குப் பத்து நிமிடம் ஆகும். உதவியாளர் போட்டால் அரை நிமிடம். காலையில் பன்னிரண்டு பேரைக் கிளப்ப வேண்டிய பெண் வேறென்ன செய்வார்? நானும் போகும்போதெல்லாம் கரண்டியை வாங்கி ஊட்டியவன்தான்.

பிசியோதெரபிஸ்ட் வந்ததும் உடற்பயிற்சி ஆரம்பிக்கவில்லை. படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், எழுப்பி நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார். மேல் அளவு 26 இறங்கியிருந்தது. 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். நிற்கப் பயப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தது தலைசுற்றல். டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரையைக் குறைத்தார், தூக்க மாத்திரையையும் படிப்படியாக. (இதை நாமாக நிறுத்தக் கூடாது, சட்டென்று விட்டால் ஆபத்து.)

அப்புறம் காது. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதால் மறதி நோய் என்றே முடிவுகட்டியிருந்தோம். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது. எடுத்ததும் பாதிப் பேச்சு திரும்பிவிட்டது. மீதிப் பாதி உண்மையிலேயே மறதிதான்.

பயிற்சி என்னவோ ஒன்றே ஒன்று. நாற்காலியில் தடித்த மெத்தை போட்டு உயர்த்தி, உட்கார்ந்து எழுவது. "அம்மா, குதிகாலைப் பின்னால இழுங்க, முன்னால சாயுங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். இப்ப எந்திரிங்க." முதல் நாள் இரண்டு தடவை. இந்த வயதில் தசை வளருமா என்று கேட்டேன். 1994இல் பாஸ்டனில் பராமரிப்பு இல்லவாசிகள் 100 பேரிடம், சராசரி வயது 87, பத்து வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது என்றார். சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லையாம். நான் டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

நாலாவது வாரம் சளிக்காய்ச்சல். எட்டு தடவை வரை எழுந்தவர், ஒரு வாரப் படுக்கையில் மறுபடி மூன்று தடவைக்கு இறங்கிவிட்டார். அன்றைக்கு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

இல்லத்தாரிடம் பேரம் பேசித்தான் மிச்சம் நடந்தது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் "பாத்ரூம் போகலாமா?" என்று கேட்பது, அம்மாவைக் கடைசியாகக் கிளப்புவது. கடைசி ஆள் என்றால் பித்தானுக்கு நேரம் கிடைக்கும்.

பதினான்காவது வாரம் வாக்கரோடு சாப்பாட்டு ஹால் வரை நடந்துவிட்டார். திரும்பத் தெம்பில்லை, சக்கர நாற்காலியில்தான் வந்தார். இரவில் இன்னும் டயப்பர்தான். பித்தான் இப்போது ஆறு நிமிடம். பாதி நாள் ஒன்று மாறித்தான் இருக்கும்.