"திருப்பி அடிக்கலையா சார்?"

ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிகிற ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கிப் படித்த பிறகுதான் தெரிந்தது, 'வீட்டில் சுடுதண்ணீர் தவறிக் கொட்டியதாகச் சொல்கிறார்' என்று அதில் எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. தோளும் கையும் வெந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டூட்டி டாக்டரிடம் பேசியதெல்லாம் கூட வந்த அண்ணன்தான். ஏன் இப்படிச் சொன்னீங்க என்று கேட்டதற்கு, "பின்னே, பொண்டாட்டி ஊத்துனான்னா சொல்லச் சொல்றே? நாளைக்கு ஊர்ல எவன்டா உன்னை மதிப்பான்?" என்றார்.

அந்த ஒரு வரியால் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். கல்யாணக் கதைக்குள் போகவில்லை. அடியும் கடியும் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவதும் முன்பே இருந்தது, வெந்நீர் கடைசியில் வந்தது, அவ்வளவு போதும்.

அன்று ராத்திரி 112க்கு அடித்திருந்தேன். ரோந்து வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வந்த போலீஸ்காரர், சட்டை நனைந்து நிற்கிற என்னைத் தாண்டிப் போய் மனைவியிடம், "என்னம்மா, உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். போன் பண்ணினது நான்தான் சார் என்று சொல்லிப் புரியவைக்கவே நேரமானது.

மறுநாள் ஸ்டேஷன். எழுத்தர் மனுவைப் பாதி படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தனை கிலோ சார் இருப்பீங்க?" என்றார். அடுத்து, "திருப்பி அடிக்கலையா?" இல்லை என்றேன். "அப்புறம் என்ன, விடுங்க." இந்தத் திருப்பி அடிக்கிற கேள்வியை அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், வீட்டுக்காரர் என்று கேட்காத ஆளில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே உள்ளே போயிருப்பேன் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் மட்டும் இருக்க மாட்டார்கள்.

கடைசியில், குடும்பப் பிரச்சினை என்றால் மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே, பெண்கள் கொடுக்கிற மனுவைத்தான் எடுப்போம், உங்கள் எல்லை ஸ்டேஷனுக்கே போங்கள் என்றார்கள். அந்த நாள் வீண். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அங்கிருந்த ஏட்டம்மா ஒருவர் வாசல் வரை வந்து, "இப்போ எங்க தங்கியிருக்கீங்க? போறதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார். அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நண்பனின் அறையில் இருக்கிறேன் என்றேன். ஒரு பெண்ணுக்கு இந்த நிலைமை வந்தால் 181 உதவி எண் இருக்கிறது, போய்த் தங்க ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கிறது. ஆணுக்கு நண்பனின் அறை, இல்லாவிட்டால் லாட்ஜ்.

சட்ட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பெண் மட்டும்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்திலிருந்து 'வயது வந்த ஆண்' என்ற சொற்களை நீக்கியதை வைத்து, இனி ஆண்களும் கேஸ் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்ப வேண்டாம். அந்தச் சொற்கள் இருந்தது எதிர்மனுதாரர் யார் என்ற இடத்தில். ஒரு பெண் தன் மாமியார், நாத்தனார் மீதும் போடலாம் என்பதுதான் தீர்ப்பின் பலன். நமக்கு அதில் ஒன்றும் இல்லை. இது தெரியாமல் பாதுகாப்பு அலுவலரைத் தேடிக் கலெக்டர் ஆபீஸ் படி ஏறாதீர்கள்.

நமக்கு இருப்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். வெறும் கையால் அடித்த காயம் என்றால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 115(2). அதில் மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது, ஸ்டேஷனுக்கும் அதுதான் வசதி. ஆயுதத்தாலோ சூடான பொருளாலோ காயம் என்றால் 118(1), 3 ஆண்டு வரை சிறை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். கொதிக்கிற தண்ணீரும் சூடான பொருள்தான். இதை வக்கீல் சொல்லி, மனுவில் பிரிவோடு எழுதிக்கொண்டு போனேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஏ.ஆர். காப்பியைக் கேட்டார்கள். 'தவறிக் கொட்டியதாக' என்ற வரியைக் காட்டி, "நீங்களே இப்படித்தானே சொல்லியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எழுதின ஏ.ஆரைத் திருத்த மாட்டார்கள். கெஞ்சியும் பார்த்தேன், டாக்டர் முடியாது என்றார், அவர் சொன்னது நியாயம்தான். வேறொரு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைக் காட்டி, நடந்ததை நானே சொல்லிப் புதிதாகப் பதிய வைத்தேன். அங்கேயும் ஒரு கூத்து. எழுதுகிறவர் பழக்க தோஷத்தில் 'தெரிந்த ஆண் நபர் ஒருவரால்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். பெண் சார் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மனைவி" என்றேன். அடித்துவிட்டுத் திருத்தி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டார். அந்தச் சுருக்கொப்பத்தைப் பார்த்ததும் வந்த நிம்மதியை விவரிக்கத் தெரியவில்லை.

ஆகவே, எவ்வளவு வலித்தாலும் டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் என்ற நான்கும் பதிவாக வேண்டும். கூட வருகிற உறவினரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். மானம் போகும் என்று பயப்படுகிறவர்தான் முந்திக்கொண்டு பொய் சொல்வார்.

ஸ்டேஷன் அப்போதும் இழுத்தடித்ததால், மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் 173(4) அதற்குத்தான் இருக்கிறது. புதன்கிழமை குறைதீர் நாளில் நேரிலும் ஒன்று கொடுத்தேன். அதற்குப் பிறகு ஸ்டேஷனிலிருந்து அவர்களே கூப்பிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கடைசி வரை வரவில்லை. இருவரையும் வரவழைத்து விசாரித்து மனுவை முடித்துவிட்டார்கள். முடித்த அறிக்கையை ஆர்.டி.ஐ.யில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கேட்டு வாங்கினேன். கோபத்தில் வெந்நீர் ஊற்றியதை எதிர்மனுதாரர் ஒப்புக்கொண்டார், இருவருக்கும் அறிவுரை கூறி அனுப்பப்பட்டது என்று இருந்தது. எனக்கு என்ன அறிவுரை என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த முதல் பாதி எனக்குத் தங்கம்.

நடுவில் ஆண்கள் உரிமை வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். மனு மாதிரிகள் உதவின. மற்றபடி காலையிலிருந்து ராத்திரி வரை பெண்களை மொத்தமாகத் திட்டுவதுதான் அங்கே வேலை. வரதட்சணைக்கு எரிந்த பெண்களைப் பற்றிக்கூட நக்கல். வெளியே வந்துவிட்டேன். தூக்கமில்லாத நாட்களில் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கைகொடுத்தது. தமிழிலேயே பேசினார்கள், ஆணா பெண்ணா என்று தயங்கவில்லை.

எதிர்ப்புகார் வரும் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார், வந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் போடுகிற பழைய 498ஏ, இப்போது பி.என்.எஸ். 85. 2014இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு எடுத்த எடுப்பில் கைது செய்வது குறைந்திருக்கிறது, நோட்டீஸ்தான் முதலில் வரும். நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வக்கீலோடு போய் உட்கார்ந்து பதில் சொன்னேன், அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

குடும்பநல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டம் 13(1)(ஐ.ஏ.), கொடுமை என்ற காரணத்தில் மனு போட்டேன். அதில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வாசல். போனில் மனைவி அனுப்பியிருந்த ஆடியோக்கள், நான் பதிவு செய்து வைத்திருந்த சண்டைகள் எல்லாம் கொடுத்தோம். தம்பதியருக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அசல் போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். புதிய சாட்சிய சட்டம் (பி.எஸ்.ஏ.) 63இன்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். எங்களுடையது அது இல்லாமல் ஒரு தடவை திரும்பி வந்தது.

சமரச மையத்தில் இரண்டு ஏ.ஆரையும் ஆர்.டி.ஐ. அறிக்கையையும் மேசையில் வைத்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் நேரம் கேட்டார். அப்புறம் பேச்சு 13பி, அதாவது இருவரும் சேர்ந்து கேட்கிற விவாகரத்து, பக்கம் திரும்பியது. பரஸ்பர சம்மதத்தில் முதல் மனு முடிந்து, ஆறு மாதக் காத்திருப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. 85 புகாரைத் தொடரவில்லை என்று மனைவியும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதன் நகலை இன்னும் ஸ்டேஷனிலிருந்து வாங்க வேண்டும். அண்ணனும் கூட வருகிறேன் என்கிறார். வாசலில் நிற்பதாக இருந்தால் வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.