பஸ்ஸில் போகும் இன்டர்நெட்

கருந்துளையின் முதல் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானபோது உலகமே அந்த ஆரஞ்சு வளையத்தைப் பார்த்து வாய்பிளந்தது. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த ஆய்வுக்கான தரவு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த விதம். ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்!

2017 ஏப்ரலில் சிலி, ஹவாய், ஸ்பெயின், மெக்சிகோ, அரிசோனா, தென்துருவம் என்று ஆறு இடங்களில் இருந்த 8 தொலைநோக்கிகள் சேர்ந்து வானத்தைப் பதிவு செய்தன. நொடிக்கு 32 கிகாபிட் வரை போன பதிவு அது. மொத்தமாகச் சேர்ந்தது சுமார் 5 பெட்டாபைட், நம் கணக்கில் 5,000 டிபி, எடையில் பார்த்தால் ஏறக்குறைய அரை டன் ஹார்ட் டிஸ்க். அவை அமெரிக்காவில் எம்ஐடியின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியில் பான் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் போயின. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் தரவைப் படிக்கிற முனை, சுழலும் தட்டைத் தொடாமல் காற்றில் மிதந்துகொண்டுதான் வேலை செய்யும். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் அதற்குப் போதுமான காற்று கிடையாது. அதனால் ஹீலியம் அடைத்து மூடிய டிஸ்க்குகளை வாங்கிப் பயன்படுத்தினார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் இன்னும் பாவம், அங்கே குளிர்காலத்தில் விமானமே இறங்காது, ஏப்ரலில் பதிவானது டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது.

செங்கோட்டையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிற எங்களுக்கு இந்த முறை நன்றாகவே பழக்கம். கேரளாவில் புனலூர் பக்கம் கல்யாணம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர்கள் பலர் எடிட்டிங்கையும் ஆல்பத்தையும் மலைக்கு இந்தப் பக்கம்தான் கொடுக்கிறார்கள். இரண்டு நாள் கல்யாணம், மூன்று நான்கு கேமரா, மேலே ஒரு ட்ரோன் என்றால் 500 ஜிபி சாதாரணமாகச் சேர்ந்துவிடும். அதை யார் அப்லோடு பண்ணுவது? அங்கிருந்து போன் வரும்: "அண்ணே, டிஸ்க்க சேட்டாகிட்ட குடுத்துட்டேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால வச்சிருக்காரு." சேட்டா என்று அவர் சொல்வது கேரள பஸ் கண்டக்டரை. தென்மலை, ஆரியங்காவு, புளியரை என்று மலையைச் சுற்றி இறங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் என் கைக்கு வந்துவிடும்.

சரி, ஒரு பைட்டுக்கு 8 பிட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ஜிபியை இரண்டு மணி நேரத்தில் கொண்டு வருகிறது என்றால், அந்த பஸ்ஸின் வேகம் நொடிக்கு சுமார் 555 மெகாபிட். அதையே நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடு உள்ள கனெக்ஷனில் அனுப்பினால், நடுவில் கரண்டே போகாமல் இருந்தாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க்கில் ஒரு டிபி இருந்தால் பஸ்ஸின் வேகம் தானாக இரண்டு மடங்காகிவிடுகிறது, டிரைவர் ஆக்சிலேட்டரைக் கூட மிதிக்க வேண்டாம்.

வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. முதல் சொட்டு எப்போது வரும் என்பது ஒன்று, மொத்தமும் எப்போது வந்து முடியும் என்பது இன்னொன்று. குழாயைத் திறந்த உடனே நூல் மாதிரித் தண்ணீர் வரும், தண்ணீர் லாரி மத்தியானம்தான் வரும், ஆனால் வந்தால் தொட்டி நிறைந்துவிடும். போன் பேச, மெசேஜ் அனுப்பக் குழாய் வேண்டும். கல்யாண வீடியோவுக்கு லாரிதான்.

புறாவை வைத்துக்கூட இதை நிரூபித்திருக்கிறார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வெய்ட்ஸ்மன் என்பவர், இன்டர்நெட் தரவைப் புறாக் காலில் கட்டி அனுப்புவதற்கான விதிமுறையை, நிஜமான இன்டர்நெட் விதிமுறைகளின் வரிசையிலேயே விளையாட்டாக வெளியிட்டார். ஆர்எஃப்சி 1149 என்று பெயர். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் குழு நிஜமாகவே புறா விட்டுப் பார்த்தது. 9 அனுப்பியதில் 4க்குத்தான் பதில் வந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆனது.

அப்புறம் 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் நடந்த பந்தயம். வின்ஸ்டன் என்ற புறா, காலில் 4 ஜிபி கார்டோடு, ஹோவிக்கிலிருந்து டர்பன் பக்கம் சுமார் 80 கிலோமீட்டரை 1 மணி 8 நிமிடத்தில் பறந்து முடித்தது. கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் பிராட்பேண்ட் வழியாகப் போயிருந்தது 4 சதவீதம்! இன்று ஒரு கிராம்கூட எடையில்லாத மைக்ரோ எஸ்டி கார்டில் ஒரு டிபி கிடைக்கிறது, வின்ஸ்டனுக்கு அன்று அது கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. ஒடிசா போலீஸ் 1946இல் தொடங்கிய புறா அஞ்சலைப் பல பத்தாண்டுகள் நடத்தியது என்பதையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

கியூபாவில் வாரா வாரம் சீரியல், சினிமா, ஆப் எல்லாம் நிரம்பிய ஒரு டிபி தொகுப்பு கைமாறிக் கைமாறி வீடு வீடாகப் போகிறது. அமேசான் 2016இல் 45 அடி கன்டெய்னர் லாரியையே டிஸ்க்காக மாற்றி, 100 பெட்டாபைட் ஏற்றலாம் என்று கொண்டுவந்தது. "இந்தக் காலத்திலும் பஸ்ஸில் டிஸ்க்கா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் நான் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்வேன்.

பஸ்ஸில் அனுப்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். பெர்கன் புறாக்களில் பாதிக்கு மேல் பதில் கொண்டுவரவில்லை என்பதை மறக்காதீர்கள். இந்தப் பக்கம் டிஸ்க்கைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் சரிபார்த்து, "வந்துருச்சு, ஓபன் ஆகுது" என்று மெசேஜ் வரும் வரை கேமரா கார்டை அழிக்கவே கூடாது. ஜூன், ஜூலையில் ஆரியங்காவு மழைக்கு டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே உங்கள் போன் நம்பரைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.