விர்ச்சுவல் ஆன்: பழைய கன்ட்ரோலரிலிருந்து ஓர் இரட்டை ஸ்டிக்

விர்ச்சுவல் ஆன் என்ற வீடியோ ஆட்டத்தை ஆட ஓர் இரட்டை ஸ்டிக்கை நானே செய்யும் இந்த வேலை, கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் தொடங்கியது. இரண்டு ஸ்டிக், ஒவ்வொன்றுக்கும் 4 திசை, ஆக 8. ஒவ்வொரு கைப்பிடியிலும் ஆள்காட்டி விரலுக்கு ஒரு டிரிக்கர், கட்டைவிரலுக்கு, வேகமாகப் பாய்வதற்கான ஒரு டர்போ பட்டன், இன்னொரு 4. மொத்தம் 12. சேகா நிறுவனத்தின் பழைய கேம் கன்சோலான சாட்டர்னின் சாதாரண கன்ட்ரோலரை எடுத்து எண்ணினேன். திசைப்பட்டை 4, முகப்பில் 6 பட்டன், தோளில் 2. அதுவும் 12. மிச்சமிருப்பது ஸ்டார்ட் மட்டும். இந்தப் பொருத்தம் தற்செயல் இல்லை. சேகா விற்ற இரட்டை ஸ்டிக்கையே சாட்டர்ன் ஒரு சாதாரண கன்ட்ரோலராகத்தான் பார்க்கிறது. அப்படியென்றால் பழைய கன்ட்ரோலரின் சர்க்யூட்டைப் பிரித்தெடுத்து நானே ஒன்று செய்யலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: விர்ச்சுவல் ஆன், 1995-ல் சேகாவின் ஏ.எம்.3 என்ற தயாரிப்புக் குழு, மாடல் 2 என்ற சர்க்யூட் போர்டில் செய்த ஆர்கேட் ஆட்டம், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி ஆட்டம். இயந்திர மனிதர்கள் இருவர், ஒரு திறந்த களம், ஒருவரை ஒருவர் சுட்டும் வெட்டியும் வீழ்த்த வேண்டும். இயந்திரங்களை வரைந்தவர், குண்டம் என்ற ஜப்பானிய இயந்திர மனித அனிமேஷன் தொடர்களுக்கு வரைந்த ஹாஜிமே கடோகி. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது படம் இல்லை, கை. இரண்டு ஸ்டிக்கையும் முன்னால் தள்ளினால் இயந்திரம் முன்னால் நடக்கும். இரண்டையும் இடப்பக்கம் சாய்த்தால் முகம் திருப்பாமல் இடப்பக்கம் நகரும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் இழுத்தால் நின்ற இடத்திலேயே திரும்பும், டாங்கி திரும்புவது போல. இரண்டையும் வெளிப்புறமாக விரித்தால் தாவும். உள்நோக்கிச் சேர்த்தால் குனிந்து தன்னைக் காக்கும். இதைத் திசைப்பட்டையும் பட்டனுமாக ஆடும்போது எல்லாம் நடக்கிறது, ஆனால் உடம்பில் ஏறுவதில்லை. மூன்று மாதம் அப்படி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் ஆர்கேடில் போடும் 8 திசை லீவர் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 4 மைக்ரோ சுவிட்ச். மூலைக்குச் சாய்த்தால் இரண்டு சுவிட்ச் ஒருசேர அழுந்தும். தலையில் இருந்த உருண்டையைக் கழற்றிவிட்டு, விமான ஆட்டங்களுக்கான பழைய ஜாய்ஸ்டிக் இரண்டின் கைப்பிடியை மட்டும் அறுத்து லீவர் தண்டில் பொருத்தினேன். அவற்றில் டிரிக்கரும் கட்டைவிரல் பட்டனும் ஏற்கெனவே இருந்தன. பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். இரு ஸ்டிக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, மடியில் வைத்து, கண்ணை மூடிக் கை நீட்டிப் பார்த்தேன். தோள் இறுகாமல் கை விழுந்த இடத்தில் குறி வைத்தேன்.

நீளமான கைப்பிடி போட்டதும் ஒரு சிக்கல் புரிந்தது. லீவரோடு வந்த ஸ்பிரிங், விரல் நுனியில் பிடிக்கும் சின்ன உருண்டைக்கானது. ஒரு சாண் கைப்பிடி ஏறியதும் நெம்புகோல் போல ஆகிவிட்டது. விட்டதும் நடுவுக்குத் திரும்பாமல் சோம்பலாக ஆடியது. அதற்குள் இயந்திரம் இரண்டடி நகர்ந்துவிடும். கடினமான ஸ்பிரிங் வாங்கி வலது லீவருக்கு மட்டும் மாற்றிப் பார்த்தேன். 'டக்' என்று வந்து நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பத்து தடவை தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

சோல்டரிங் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வலது டிரிக்கர் செத்துப்போனது. மீட்டர் வைத்துப் பார்த்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, சர்க்யூட்டும் நன்றாக இருக்கிறது. கைப்பிடியைப் பிரித்தபோது, தண்டு வளையும் இடத்தில் ஒயர் உள்ளேயே அறுந்திருந்தது. மேலுறை அப்படியே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒற்றைக் கம்பி ஒயர் போட்டிருந்தேன். ஆயிரம் தடவை வளைந்தால் எந்தக் கம்பி தாங்கும்? பல இழை கொண்ட மெல்லிய ஒயராக மாற்றி, லீவருக்குக் கீழே ஒரு வளையம் அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டினேன். நான்கு வாரம் ஆகிறது, இன்னும் அறவில்லை. யாராவது செய்வதாக இருந்தால் இந்த ஒன்றை முதலிலேயே செய்துவிடுங்கள்.

சாட்டர்ன் பதிப்பு 1996 நவம்பரில் ஜப்பானில் வந்தது. ஆர்கேடில் காட்டுவதில் ஏறக்குறைய பாதி, நொடிக்கு 30 பிரேம்தான் (படங்கள்) காட்டுகிறது. களத்தின் பின்புலமும் தேய்ந்திருக்கிறது. ஆர்கேடில் ஆளுக்கொரு திரை. இங்கே இருவர் ஆடினால் திரையைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். இருந்தும் ஆட்டத்தின் எலும்புக்கூட்டை அந்தச் சின்னப் பெட்டிக்குள் இறக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. இரண்டாம் ஆட்டமான ஒரடோரியோ டேங்ரம் 1998-ல் மாடல் 3 போர்டில் வந்து, மறு ஆண்டு சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டுக்கு இறங்கியது. ஜப்பானில் அதற்கும் இரட்டை ஸ்டிக் விற்றார்கள். அமெரிக்க வெளியீட்டுக்கு ஸ்டிக் வரவே இல்லை; அங்கே வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4-க்கு 2019-ல் முதல் இரண்டு ஆட்டங்களையும் அதற்குப் பின் வந்த ஃபோர்ஸ் என்ற ஆட்டத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். எடை பார்க்கும் கருவி செய்யும் டனிடா நிறுவனம் அந்தக் கன்சோலுக்கு இரட்டை ஸ்டிக் செய்தது. 2018-ல் ஆர்வலர்களிடம் பணம் திரட்டிய முதல் முயற்சியில் தொகை சேரவில்லை, இரண்டாம் முறை சேர்ந்தது. ஒரு கன்ட்ரோலருக்காக இத்தனை பேர் இரண்டு தடவை கை நீட்டினார்கள் என்பது எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது தெரியுமா!

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். நான் எடுப்பது டெம்ஜின் என்ற இயந்திரம். வலது டிரிக்கருக்கு ஒளித் துப்பாக்கி, இடதுக்கு வெடிகுண்டு, இரண்டையும் சேர்த்து இழுத்தால் வாள் வீச்சின் அலை. ஒரே டிரிக்கர் நிற்கும்போது ஒன்று செய்யும், பாயும்போது வேறொன்று, தாவும்போது இன்னொன்று. ஆயுத அளவு குறைந்தால் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

பத்து நாள் முழுக்க நான் பழகியது ஒரே ஓர் அசைவு. ஸ்டிக்கை விரித்தால் இயந்திரம் தாவும். தாவும்போது தானாகவே எதிரியை நோக்கித் திரும்பிவிடும். உடனே ஸ்டிக்கை உள்ளே சேர்த்தால் தாவலை வெட்டிக்கொண்டு தரைக்கு இறங்கும். எதிரி பார்வையை விட்டு நழுவிய ஒவ்வொரு முறையும் விரி, சேர். மீண்டும் முகத்துக்கு நேராக நிற்கிறான். பட்டனில் ஆடியபோது இதை யோசித்துச் செய்தேன். ஸ்டிக்கில், மூச்சு இழுத்து விடுவது போல, கை தானாகச் செய்ய ஆரம்பித்தது ஆறாவது நாளில்.

ரெய்டனிடம் மட்டும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன். கனத்த, மெதுவான இயந்திரம். ஆனால் தோள்கள் திறந்து லேசர் பாய்ந்தால், பட்ட இடத்தில் உயிரில் பெரும்பகுதி போய்விடும். நான் பக்கவாட்டில் பாய்ந்து தப்பிக்கப் பார்த்தேன். பாய்ச்சல் முடிகிற கணத்தில் இயந்திரம் சற்று விறைத்து நிற்கும், அங்கேதான் அவன் அடித்தான். பாய்வதை நிறுத்திவிட்டேன். நேற்று இரவு தோள் திறப்பது தெரிந்ததும் இரு கையும் விரிந்தன. ஒளிக்கற்றை காலுக்குக் கீழே போனது. கை சேர்ந்தது, தரை வந்தது, அவன் இன்னும் லேசரை முடித்து நிமிரவில்லை. இரண்டு டிரிக்கரையும் இழுத்தேன். வாளின் அலை அவன் மார்பில் போய் இறங்கியது.

இடது லீவருக்கும் கடின ஸ்பிரிங் மாற்ற வேண்டும். வலது கை சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடுகிறது, இடது கை அரை இமைப்பு பின்தங்குகிறது. ஸ்பிரிங் நாளை மறுநாள் கைக்கு வந்துவிடும்.