வயது கூடும் படக்கதை

பழைய வீடுகளில் இருக்கும் போட்டோக்களை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்தித் தருவது என் தொழில். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று அலைச்சல்தான். பல படங்களில் தேதி இருக்காது. முகத்தில் ஏறியிருக்கும் வயதை வைத்தே முன்பின் பிரிக்க வேண்டும். அதனாலேயே, பாத்திரங்களுக்கு வயது கூடிக்கொண்டே போகும் 'கேசலின் ஆலி' என்ற அமெரிக்க நாளிதழ்ப் படக்கதை மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஃபிராங்க் கிங் 1918இல் சிகாகோ டிரிப்யூனில் அதைத் தொடங்கியபோது, நாலு ஆண்கள் கூடி நின்று காரைப் பற்றிப் பேசுவதுதான் கதை. பெண்களும் படிக்க வேண்டும், ஒரு குழந்தையைக் கொண்டு வாருங்கள் என்றார் பத்திரிகையை நடத்திய ஜோசப் பேட்டர்சன். ஆனால் நாயகன் வால்ட் ஒரு பிரம்மச்சாரி. 1921 பிப்ரவரி 14 அன்று அவர் வீட்டு வாசலில் ஒரு பச்சைப்பிள்ளை கிடந்தது. ஸ்கீசிக்ஸ் என்று பேர் வைத்தார்கள்.

மற்றப் படக்கதைகளில் பெரும்பாலும் பிள்ளைகள் வளர்வதில்லை. இவன் வாசகர் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தான். 1926இல் வால்ட் ஃபிலிஸைக் கட்டிக்கொண்டார். ஸ்கீசிக்ஸ் இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போனான். 1944இல் அவனுக்கும் கல்யாணம்.

காரைக்குடியில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது, அந்த வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "நாங்க பிள்ளை கூட்டுனா பங்காளி வீட்டுலதானப்பா கூட்டுவோம். வாசல்ல கிடந்ததையா எடுத்து வளர்த்தாரு?" என்று வியந்தவர், ஒரு படத்தை எடுத்து நீட்டினார். பிள்ளை கூட்டுவது என்றால் தத்தெடுப்பது; அவர் வீட்டுக்காரரும் அப்படித் தத்துப்பிள்ளையாக வந்தவர்தான். முகப்புத் தூணருகே எட்டு வயசுப் பையன். புது அம்மாவை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நிற்கிறான், சட்டை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு. இன்னொரு படத்தில் அதே பையன், மீசை அரும்பியவன், அதே அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்திருக்கிறான். இடையில் எத்தனை வருஷம் என்று படம் சொல்லவில்லை. ஃபிராங்க் கிங் அந்த வருஷங்களைத்தான் தினம் ஒரு துண்டாக வரைந்து வைத்தார். அவர் பெருமை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கிங் 1969இல் இறந்தார். அவருக்குப் பின் வரைந்த டிக் மூர்ஸுக்குப் பிறகு, 1986இலிருந்து ஜிம் ஸ்கேன்கரெல்லி வரைகிறார். ஃபிலிஸ் 2004இல் கதையிலேயே இறந்துபோனார். வால்ட் மட்டும் நூறைத் தாண்டியும் இருக்கிறார். எல்லோருக்கும் வயதாகும் கதையில் அவரை மட்டும் விட்டுவைத்தது முறையல்ல என்பது என் கட்சி. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை: "அந்தப் பயலோட பேரன் பேத்தி கல்யாணத்தை எல்லாம் அவரு பாக்க வேண்டாமா?"