அஞ்சாவது கன்னி

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உள்ள நம் கல்லூரியின் 1974ஆம் ஆண்டு வரவு இடாப்புகள் கறையான் தின்றது போக எங்காவது மிஞ்சியிருந்தால், டிசம்பர் 5, வியாழக்கிழமையைத் தேடிப் பாருங்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பையன்கள் அத்தனை பேருக்கும் அன்று வரவில்லை என்றுதான் இருக்கும். வழக்கமாகவே நாங்கள் பிந்தி வருகிற கூட்டம். "நோட்டன் பஸ்" என்று சொன்னாலே கேட்டில் நிற்கும் மாணவத் தலைவர்கள் சிரிப்பார்கள். அன்று நாங்கள் பிந்தக்கூட இல்லை. ஹட்டனுக்கே வரவில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. முதல் நாள் புதன்கிழமை ராத்திரி பத்தேகால் இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், விளக்கு எரிகிற காம்பரா (அறை) இருக்காது. மண்ணெண்ணெய் அவ்வளவு அருமை. தவணைப் பரீட்சை என்று சொல்லி அம்மாவிடம் கெஞ்சி, நான் மட்டும் குப்பி விளக்குக்கு முன்னால் சமூகக்கல்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தேன்.

முதலில் ஓர் இரைச்சல். கொழுந்து நிறைய வரும் நாட்களில் தேயிலை ஆலையான ஸ்டோரில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடுமே, அப்படி. ஆனால் தலைக்கு மேலே. எங்கள் மலைக்கு மேலே விமானம் போவதே அபூர்வம். போனாலும் நட்சத்திரம் நகர்கிற மாதிரி எங்கோ உயரத்தில் போகும். என்ன ஏது என்று யோசிக்குமுன் ஒரு சத்தம். கூரைத் தகரம் உதறியது. சுவரில் சாய்த்திருந்த கொழுந்துக் கூடை உருண்டு என் காலடிக்கு வந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

வெளியே யாரோ கத்தினார்கள்: "டேம் ஒடஞ்சிருச்சு! மேல ஓடுங்க!"

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். காசல்ரீ, விமலசுரேந்திர என்று அணைக்கட்டுகளுக்கு நடுவில் வாழ்கிற சனத்துக்கு ராத்திரியில் பெரிய சத்தம் கேட்டால் முதலில் அதுதான் தோன்றும். சின்னப் பிள்ளைகளைக் கம்பளியோடு சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் தேயிலைக்குள்ளே மேல்நோக்கி ஓடினார்கள். அப்பா அப்பாயியை முதுகில் தூக்கிக்கொண்டார். கோயிலுக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறைக்குப் போய், தண்ணீர் வருகிறதா என்று கீழே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வரவில்லை. யாரோ பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார்கள், "அங்க பாருங்க" என்று.

ஏழு கன்னிமார் மலை எரிந்துகொண்டிருந்தது.

மலையகத்துக்கு வெளியே இருந்து வந்து நம்முடன் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். நோட்டன் பிரிட்ஜுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் வரிசையாக ஏழு சிகரங்கள். சிங்களவர் சப்த கன்னியா என்பார்கள், வெள்ளைக்காரத் துரைமார் அதையே இங்கிலீஷில் சொன்னார்கள், நமக்குக் கன்னிமார். நம் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று புறப்பட்டு வந்தபோது ஊரில் ஆற்றங்கரையில் ஏழு கல் நட்டுக் கும்பிட்ட அதே கன்னிமார்கள் இங்கே மலையாகவே நின்றது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். அந்த ஏழில் அஞ்சாவது சிகரத்தில்தான் நெருப்பு.

விடியும்வரை அது விமானம் என்றே எங்களுக்குத் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தப்புமேளம் அடித்தது, ஆனால் யாரும் மலைக்குப் பிரிந்து போகவில்லை. கணக்கப்பிள்ளை வந்து, பிளேன் விழுந்திருக்கிறது, பொலிஸ்காரர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்றார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வைத்திருந்தவர்கள் முன்னால் போனார்கள். அந்தச் சரிவில் பாதை கிடையாது. காட்டை வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும், அட்டை வேறு. என் சித்தப்பாவும் போனார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இல்லை. காயப்பட்டவர்கள் இருந்தால் தூக்கி வரலாம் என்று படங்குச் சாக்கையும் கம்பையும் வைத்துத் தூளி மாதிரி நாலைந்து கட்டிக்கொண்டு போனார்கள்.

அவை தேவைப்படவில்லை. விமானத்தில் இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

சித்தப்பா சாயங்காலம் திரும்பி வந்தார். மலைத் தண்ணீர் விழும் பீலியில் வெகுநேரம் குளித்தார். அம்மா சுட்டுக் கொடுத்த ரொட்டியைத் தொடவில்லை. மாவு கிடைக்காத காலத்தில் ஒருவர் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவது எங்களுக்கு விமானம் விழுந்ததைவிடப் பயமாக இருந்தது. மேலே பார்த்ததைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மரமெல்லாம் வெள்ளைத் துணி தொங்குது. தைக்காத துணி. அத்தன வெள்ளைத் துணி எதுக்குன்னு தெரியல."

அது எனக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன் என் பக்கத்து மேசை. (இந்த மலரைப் படிக்கிறாய் என்று தெரியும், பெயரைப் போடவில்லை, கோபிக்காதே.) சித்தப்பா சொன்னதை அவனிடம் சொன்னேன். "அது இஹ்ராம். மக்காவுக்குப் போறவங்க கட்டுற துணி" என்றான். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ்ஜுக்குப் போனவர்கள். கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பயணிகள் 182 பேர், பணியாளர் 9 பேர். ஒல்லாந்து நாட்டு மார்ட்டின் ஏர் கம்பெனியின் டிசி-8 விமானம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

அன்று காலைக் கூட்டத்தில் தேவாரத்துக்கும் ஜெபத்துக்கும் பிறகு, மேல்வகுப்பு முஸ்லிம் அண்ணன்மார் இரண்டு பேரை மேடைக்குக் கூப்பிட்டு ஃபாத்திஹா ஓதச் சொன்னார்கள். நம் பள்ளிக்கூடத்தில் நான் படித்த காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். பொருள் தெரியாமலே எல்லாரும் தலைகுனிந்து நின்றோம். நோட்டன் பஸ்காரர்களை மட்டும் மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஏதோ நாங்கள்தான் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் மாதிரி.

சமூகக்கல்வி ஆசிரியர் பரீட்சைப் பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கரும்பலகையில் தீவை வரைந்தார். கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வருகிறவன் நம் மலைகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டி முடித்த பிறகுதான் தாழ இறங்கலாம், இவர்கள் தாண்டுவதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள் என்று சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வந்து மலையில் முட்டியது. பின்னாளில் வந்த விசாரணை அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய அதுதான். விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். உண்மையில் இன்னும் 40 கடல்மைல் போல இருந்தது. இருட்டில் எதிரே மலை இருப்பது தெரியாமல் 4,300 அடி உயரத்துச் சரிவில் மோதியது.

தோட்டத்தில் வேறு விளக்கம் ஓடியது. அஞ்சாவது கன்னி பலி கேட்டாளாம், ரொம்ப வருசமாகப் பூசை இல்லையாம். இதைக் கேட்டு அப்பாயிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "சாமி கும்பிடப் போற சனத்தச் சாமி அடிக்குமாடா? எந்தச் சாமின்னா என்ன? வாயக் கழுவுங்கடா" என்று லயத்து வாசலில் நின்று கத்தினாள். சிவனொளிபாதத்துக்கு வருசா வருசம் போகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள். யாத்திரை போகிறவர்களுக்குப் பீலித் தண்ணீர் கொடுத்தாலே புண்ணியம் என்பாள். அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் அந்த மலையைப் பார்த்து ஒரு கல்லில் விளக்கேற்றினார்கள். எண்ணெய்க்கு வீட்டுக்கு ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டி எண்ணெய் 1974இல் என்ன விலை என்று உங்களில் சிலருக்காவது தெரியும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடைத்தெருவில் அப்புறம் வேறொரு கதை ஓடியது. தோட்டத்துச் சனங்கள் பிணத்திலிருந்து நகை கழற்றினார்கள், பை பையாக அள்ளினார்கள் என்று. என் காதுபடவே பஸ்ஸில் பேசினார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். தகரத் துண்டு எடுத்தார்கள். கோழிக்கூட்டுக் கூரையில் பளபளவென்று அந்தத் தகரத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது எந்த வருசம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூப்பன் மாவு பாதியாகிப் போன வருசம். தோட்டங்களில் வேலைநாள் குறைந்து, மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று, வயிறு வீங்கிப் பிள்ளைகள் செத்த வருசம். மலையகத்தின் பட்டினிச் சாவுகளை எண்ணிப் பார்க்க எந்த ஜீப்பும் தேயிலைக்குள் வரவில்லை. இந்த 191 பேருக்காக மட்டும் வரிசையாக வந்தன. வந்தது சரிதான், வர வேண்டியதுதான். ஆனால் எங்கள் பெரியவர்களின் மனதில் அது ஒரு முள்ளாக இருந்தது. அந்த முள்ளோடுதான் அவர்கள் மலை ஏறினார்கள்.

இன்னொன்று. மலை ஏறியவர்களுக்கு அன்று தோட்டத்தில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், போட்டார்கள். கொழுந்து எடுக்கவில்லையே! தோட்டத் தலைவர் போய்ப் பேசியும் முழுப்பேர் கிடைக்கவில்லை.

சித்தப்பாவும் ஒரு பொருள் எடுத்து வந்திருந்தார். ஒரு சாண் அகலம்கூட இல்லாத, கெட்டியான நைலோன் பட்டி. ஒரு முனையில் கொக்கி வைத்த உலோகத் தகடு. ஆசனப் பட்டி என்று எனக்கே அப்போது தெரியாது. மாட்டுக்குக் கட்ட நல்ல வார் என்று எடுத்திருக்கிறார். அப்பாயி அதை வீட்டுக்குள் விடவில்லை. "செத்த சனத்தோட இடுப்புல இருந்தது" என்று விறகுக் கொட்டிலில் மாட்டி வைக்கச் சொன்னாள். மாட்டுக்கும் கட்டவில்லை. நான் இரண்டு தடவை திருட்டுத்தனமாகப் போய் அந்தத் தகட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "டக்" என்று ஒரு சத்தம். மூன்றாம் தடவை போகப் பயம் வந்துவிட்டது.

1978 நவம்பர் 15 அன்று இதே மாதிரி இன்னொரு டிசி-8, இந்தத் தடவை ஹஜ்ஜை முடித்து ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிய கூட்டம், கட்டுநாயக்கா பக்கத்தில் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் செத்தார்கள். ரேடியோவில் செய்தி வந்தபோது அப்பாயி கேட்டது, "போகயிலயும் நம்ம ஊரு, வரயிலயும் நம்ம ஊரா?" என்றுதான்.

அந்தச் செய்தியைக் கேட்கச் சித்தப்பா எங்களோடு இல்லை. தோட்டத்துச் சனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு இரண்டு அரசாங்கங்களும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி வந்துவிட்டது. அதற்கு முந்தின வருசமே புறப்பட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுதழுது வழியனுப்பும் அழுகைக் கோச்சியில் ஏற்றிவிட்ட அனுபவம் இல்லாத வீடு நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? அன்று அவருடைய ட்ரங்குப் பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. கயிறு தேடினோம், அகப்படவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் விறகுக் கொட்டிலுக்குப் போய் அந்தப் பட்டியை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினார். அப்பாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. தலைமன்னார் போய்க் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது அந்தப் பெட்டி.

நோட்டன் பிரிட்ஜில் இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது. விமானத்தின் டயர் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை. அண்ணாந்து அஞ்சாவது கன்னியைத்தான் பார்த்தேன், முகில் மூடியிருந்தது.

சித்தப்பாவைக் கடைசியாகப் பார்த்தது 2009இல், நீலகிரியில் கூடலூர் பக்கம். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் டேன்டீ தேயிலைத் தோட்டத்து லயம். இங்கேயும் லயம், அங்கேயும் லயம். கட்டிலுக்கு அடியிலிருந்து அதே ட்ரங்குப் பெட்டியை இழுத்தார், இந்தியாவில் இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைக் காட்டுவதற்காக. பெட்டியைச் சுற்றி அந்தப் பட்டி. நிறம் வெளுத்து, ஓரம் பிசிர் விட்டிருந்தது. தகட்டைத் தூக்கினார். "டக்."

"நீ பிளேன்லதானே வந்த? இத எதுக்குடா கட்டிவிடுறாங்க?" என்று கேட்டார். அவர் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை.

ஆடினால் குலுங்கினால் விழாமல் இருப்பதற்கு என்றேன்.

"அவங்களும் கட்டித்தான் இருந்தாங்க" என்றார். அட்டையைத் திரும்ப உள்ளே வைத்து, பட்டியைச் சுற்றி மாட்டி, பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "சரி, சித்தி சோறு போட்டுட்டா. வா."